கரை இறங்கிய சொற்கள்

இராமேசுவரத்தில் விசைப்படகை ஓட்டிப் போகிறவரை யாரும் மாலுமி என்று கூப்பிடுவதில்லை. அவர் டிரைவர். சுக்கானைப் பிடிப்பவர், காற்றையும் நீரோட்டத்தையும் பார்ப்பவர், வலையை எங்கே இறக்குவது என்று முடிவெடுப்பவர் எல்லாம் அந்த டிரைவரே. மாலுமி என்ற சொல் பாடப்புத்தகத்திலும் மேடைப் பேச்சிலும்தான் உயிரோடு இருக்கிறது. அங்கே அதற்கு நல்ல தமிழ் என்ற மரியாதையும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், மாலுமியும் கப்பலேறி வந்த சொல்தான். ஆசான், வழிகாட்டி என்ற பொருளில் அரபிய மரக்கலங்களில் வழங்கிய முஅல்லிம் என்ற பட்டம் தமிழ் வாயில் மாலுமி ஆனது. சுக்கானும் அரபுதான். நங்கூரம் பாரசீகத்து லங்கர். ஏலம், சாவி, மேசை மூன்றும் போர்த்துக்கீசியரோடு வந்தவை. மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நின்றுகொண்டு ஏலம் தமிழில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். முத்துக்கும் சங்குக்கும் பெயர்போன இந்தக் கரையில் சரக்கு இறங்கும்போதெல்லாம் கூடவே சொல்லும் இறங்கியிருக்கிறது. கணினியும் இணையமும் கொண்டுவந்த சொற்களைப் பற்றி நாம் நாற்பது ஆண்டுகளாக வாக்குவாதம் செய்கிறோம்; இந்தக் கரையைச் சாட்சிக்கு அழைத்ததில்லை. அழைத்தால் அது சொல்வது இதுதான்: ஒரு புதுச்சொல் நிலைப்பதை அதன் பிறப்பு தீர்மானிப்பதில்லை. அதைச் சொன்னால்தான் வேலை நடக்கும் என்கிற ஓர் இடம் அதற்கு வாய்த்ததா என்பதே தீர்மானிக்கிறது.

தந்தியை எடுத்துக்கொள்வோம். 1850-களின் இறுதியிலேயே பாக் நீரிணையின் குறுக்கே கடலடிக் கம்பி போட்டு இந்தியாவையும் இலங்கையையும் மின்தந்தியால் இணைத்துவிட்டார்கள். அதுவரை தமிழில் தந்தி என்றால் யாழின் நரம்பு, வீணையின் கம்பி. அந்தப் பழைய சொல்லை எடுத்துச் செய்தி போகும் கம்பிக்கு வைத்து, பிறகு அதன் வழியே வரும் செய்திக்கும் அதே பெயரைச் சொன்னார்கள். தந்தி ஆபீஸ், தந்திக் கம்பம், ‘தந்தி அடி’, ‘தந்தி வந்திருக்கு’ என்று அது அடுப்படி வரை வந்துவிட்டது. அது ஒரு கலைச்சொல் என்ற நினைப்புகூட யாருக்கும் இருந்திருக்காது. 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய நாளிதழ் தன் பெயரிலேயே அதைச் சூடிக்கொண்டது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நின்றது. சொல் நிற்கவில்லை, காலையில் கடையில் ‘ஒரு தந்தி குடுங்க’ என்று கேட்பவருக்கு நாளிதழ் கிடைக்கிறது. இதை டெலிகிராம் என்றே விட்டிருக்கலாமே என்று இன்று யாரும் கேட்பதில்லை. சாவுச் செய்தியையும் சம்பளப் பணத்தையும் கொண்டுவந்த ஒன்றுக்கு எல்லா வீட்டிலும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. கைக்குப் பக்கத்தில் இருந்த சொல் அந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

பாம்பன் ரயில்பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறந்ததும் இன்னொரு ஏற்பாடு வந்தது. சென்னையில் ஏறியவர் ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை போகலாம்: தனுஷ்கோடி வரை தென்னிந்திய ரயில்வேயின் வண்டி, அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், அப்புறம் இலங்கை அரசின் ரயில். போட்மெயில் என்று கிழவர்கள் இன்றும் சொல்லும் அந்த ஏற்பாடு, இணையம் என்றால் என்ன என்று முதல்முறையாகக் கேட்பவருக்கு நல்ல விளக்கம். இரண்டு நாடு, வெவ்வேறு நிர்வாகம், தரையில் ஒரு வாகனம், கடலில் வேறொன்று. ஆனால் தபால் மூட்டையின் மேல் எழுதிய முகவரியை எல்லாரும் ஒரே மாதிரி படிப்பது, அடுத்தவரிடம் ஒழுங்காகக் கைமாற்றுவது என்று ஓர் உடன்பாடு. கணினிகளுக்குள் இருக்கும் இப்படிப்பட்ட உடன்பாட்டைத்தான் நெறிமுறை என்கிறோம். யார் யாருக்கோ சொந்தமான கம்பிகளும் கணினிகளும் அந்த நெறிமுறைப்படி கைமாற்றிக்கொள்வது இணையம். அதன் வேர் 1969-இல் அமெரிக்காவில் நான்கு கணினிகளை இணைத்ததில் இருக்கிறது. வலை என்பது அதற்கு இருபது ஆண்டு இளையது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவிச் செல்லும் இணைப்புகளைக் கொண்ட ஏடுகளின் தொகுப்பாக டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்மொழிந்தது. இணையத்தின் மேல் ஓடும் வண்டிகளில் வலையும் ஒன்று, மின்னஞ்சலும் ஒன்று. இணையத்தையும் வலையையும் ஒன்றாக நினைப்பது தண்டவாளத்தையும் போட்மெயிலையும் ஒன்றாக நினைப்பதற்குச் சமம்.

வலை என்ற சொல்லைப் பற்றி ஒரு புகார் உண்டு. ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள் என்பதற்காக அப்படியே பெயர்த்த சோம்பேறிச் சொல் என்பார்கள். மீனவர் ஊரில் இந்தப் புகார் எடுபடாது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது ரயில்பாதையும் தந்திக் கம்பியும் சேர்ந்தே போயின. என்ன நடந்தது என்பதை வெளியே சொல்லவே வழியில்லாமல் போனது. ஒற்றைக் கயிறு அறுந்தால் அப்படித்தான். அதே 1964-இல் அமெரிக்காவில் பால் பாரன் என்ற பொறியாளர், குண்டு விழுந்தாலும் அறுந்துபோகாத தகவல்தொடர்பு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வெளியிட்டார். எல்லாக் கம்பிகளும் ஒரு நடுவிடத்தில் போய்ச் சேரக் கூடாது, ஒவ்வொரு முடிச்சும் சுற்றியுள்ள பல முடிச்சுகளோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், செய்தியைச் சிறு துண்டுகளாக்கி எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியில் அனுப்ப வேண்டும் என்றார். அவர் வரைந்த படத்தைப் பாம்பன் கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருப்பவரிடம் காட்டினால் அது என்ன என்று கேட்க மாட்டார். நாலு கண் கிழிந்த வலை, கிழிந்த இடம் போக, மீன் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆங்கிலேயனுக்கு எந்த உவமை தோன்றியது என்பது வேறு கதை. தமிழில் வலை என்ற சொல், இருக்கிற பொருளை நேராகவே காட்டுகிறது.

ஆனால் எல்லாத் தமிழாக்கமும் இப்படிக் கரை சேர்ந்ததில்லை. ஏன் என்று பார்க்க, விசை என்ற ஒரே சொல்லில் பிறந்த இரண்டை அருகருகே வைக்கலாம்: விசைப்படகு, விசைப்பலகை. இரண்டும் ஆக்கப்பட்ட சொற்கள்தான். விசைப்படகு இன்று இராமேசுவரம், மண்டபம் பகுதியில் பேச்சுச் சொல். சங்கத்தின் பெயரில் அது இருக்கிறது, மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டில் இருக்கிறது, வேலைநிறுத்தத் துண்டறிக்கையில் இருக்கிறது. காரணம், எதிரே நாட்டுப்படகு இருக்கிறது. எந்தக் கிழமையில் யார் கடலுக்குப் போகலாம், டீசல் மானியம் யாருக்கு எவ்வளவு, கரையோரம் யார் வலை விரிக்கலாம் என்ற எல்லாச் சண்டையும் இந்த இரண்டு சொல்லுக்கு இடையில்தான் நடக்கிறது. பிரித்துச் சொல்லியே தீர வேண்டிய இடத்தில் சொல் வேரூன்றிவிட்டது. விசைப்பலகைக்கு அப்படி ஒரு எதிர்ச்சொல்லோ சண்டையோ வாய்க்கவில்லை. கடைக்காரர் கீபோர்டு என்கிறார், வாங்குகிறவரும் அதையே சொல்கிறார், பிள்ளை மட்டும் தேர்வுத்தாளில் விசைப்பலகை என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குகிறது. சொல்லில் குறையில்லை. அதற்கு வேலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கணினி என்பதற்கும் கடலோடு ஓர் உறவு உண்டு. அகராதிக்காரர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. செயற்கைக்கோள் கருவி வருவதற்கு முன், கரையில் தெரியும் இரண்டு மூன்று அடையாளங்களை, ஒரு கோபுரம், ஒரு கலங்கரை விளக்கம், ஒரு பனங்கூட்டம் என்று, ஒன்றோடொன்று நேர்படுத்தித்தான் கடலில் தான் நிற்கும் இடத்தை மீனவர் கண்டுகொண்டார். திருவனந்தபுரம் கடற்கரையில் இந்த வித்தைக்குக் கணிச்சம் என்று பெயர். கணி என்ற வேர் இப்படி எண்ணுவதையும் ஊகிப்பதையும் ஒன்றாகவே சுமந்துவந்திருக்கிறது. நாளும் கோளும் பார்ப்பவன் கணியன், கணக்கு எழுதுபவன் கணக்கன். தெரிந்த சில அளவுகளைக் கொண்டு தெரியாத ஒன்றைக் கண்டுசொல்லும் கருவிக்கு அந்த வேரிலிருந்து பெயர் எடுத்தது பொருத்தமே. கணிப்பொறி, கணிப்பான், கணினி என்று பல வடிவங்கள் போட்டியிட்டன. பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலம் கணிப்பொறியைப் பிடித்துக்கொண்டிருந்தன. கடைசியில் வாயில் நின்றது மூன்றெழுத்துக் கணினி. மடிக்கணினி, கைக்கணினி என்று முன்னே ஒன்றை ஒட்டினாலும் நாக்கு சுளுக்காத வடிவம் அது ஒன்றுதான். இன்று படகில் இருப்பது ஜிபிஎஸ். அதைப் புவியிடங்காட்டி என்று சொன்னால் படகில் ஒருவருக்கும் புரியாது என்பது உண்மை. அந்தச் சொல் அவர்களைத் தேடிக் கடற்கரைக்கு வந்ததே இல்லை என்பதும் உண்மை.

மடிக்கணினி நல்ல சாட்சி. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவசமாக அதைக் கொடுக்கத் தொடங்கியபோது, அரசாணையிலும் பள்ளி அறிவிப்பிலும் செய்தித்தாளிலும் அந்தச் சொல்லே வந்தது. திருவாடானைப் பக்கத்துக் கிராமத்தில் லேப்டாப் என்ற பொருளையும் மடிக்கணினி என்ற பெயரையும் ஒரே நாளில் பார்த்த வீடுகள் உண்டு. இந்தக் கரையில் மடி என்றால் இழுவை வலையின் பை என்றும் பொருள். இரட்டை மடி, சுருக்கு மடி என்று தடைசெய்யப்பட்ட வலைகளின் பெயரில் அது தினமும் அடிபடுகிறது. அதனால் யாரும் குழம்பிப்போனதாகத் தெரியவில்லை. இன்னொரு சாட்சி இ-சேவை மையம். பாதி ஆங்கிலம், பாதி வடமொழி, எழுத்து தமிழ். தூய்மை பேசுவோருக்கு மூன்று விதத்திலும் வலிக்கும். ஆனால் சாதிச் சான்றிதழும் பட்டாவும் அங்கேதான் கிடைக்கும் என்பதால் அந்தச் சொல் ஒரே வீச்சில் எல்லார் வாய்க்கும் வந்துவிட்டது. அந்த மையத்தின் வாசலில் நிற்பவர் கேட்கும் சொற்களைக் கவனித்தால் ஒரு முழுப் பாடம் இருக்கிறது: நெட் ஸ்லோ, சர்வர் டவுன், ஓடிபி வந்துச்சா, டவர் இல்லை. சர்வர் என்றால் ஓட்டலில் தட்டு கொண்டுவருபவர் என்று தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. கணினியிலும் அதே வேலைதான். நீங்கள் கேட்ட பக்கத்தைத் தன் அடுப்படியிலிருந்து எடுத்துவந்து வைக்கும் வேறொரு கணினி. வழங்கி என்ற தமிழ்ச் சொல்லும் அதையே சொல்கிறது. சர்வர் டவுன் என்றால் உங்கள் கைபேசியும் பழுதில்லை, உங்கள் மனுவும் தப்பில்லை, பரிமாற ஆள் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை வாசலில் எழுதி ஒட்டியிருந்தால் எத்தனையோ பேர் தங்கள் மேல்தான் தவறு என்று நினைத்துத் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள்.

சொல்லைப் போலவே எழுத்தும் ஒரு வழக்கு. கைபேசியில் ஆங்கில எழுத்தால் தமிழை அடிப்பதைப் பார்த்து மொழி அழிகிறது என்று கவலைப்படுபவர்கள் கீழக்கரைக்கு ஒருமுறை போய்வரலாம். அங்கே நூற்றாண்டுகளாகத் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று அறியப்பட்ட, 1898-இல் மறைந்த அறிஞர், அந்த அரபுத் தமிழில் சமய நூல்களை எழுதிக் குவித்தார். அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளியும் குறியும் இட்டுப் புதிய எழுத்துகளை உண்டாக்கிக்கொண்டார்கள். இன்று ஆங்கில எழுத்தில் அடிப்பவர் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் வேறுபாடு காட்டத் திணறுகிறார்; கீழக்கரைக்காரர்கள் தங்கள் எழுத்துக்கு ஒரு முறையை வகுத்து, அதை எல்லாரும் பின்பற்றினார்கள். கணினித் தமிழ் 1990-களில் பட்ட பாடு அப்படி ஒரு பொது முறை இல்லாததால் வந்ததே. ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பப்படி ‘அ’வுக்கு ஓர் எண்ணைக் கொடுத்தது; ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்தால் கட்டமும் கோடுமாகத் தெரிந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் பொது எண் தரும் யூனிகோடு 1991-இல் தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும் அது கைக்கு வந்துசேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தம் கணியன் எழுத்துருவோடு 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். இணையம் என்ற சொல்லே அவர் தந்தது என்பார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகை ஒன்றைத் தரப்படுத்தியது. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார்.

இனி எதிர்வாதங்கள். ஆங்கிலச் சொல்லை அனுமதித்தால் தமிழ் கெடும் என்பது ஒன்று. இதற்குப் பதில் இந்தக் கரையை ஆண்ட சேதுபதிகளின் இராமநாதபுரம் சமஸ்தானத்திலேயே இருக்கிறது. 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் சேதுபதி மரபினர். பாஸ்கர சேதுபதி அதற்குத் துணை நின்றார். அந்தச் சங்கத்தின் செந்தமிழ் இதழை நடத்திய மு. இராகவையங்கார் பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணிக்குப் போனார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அந்தப் பேரகராதி, வெளியிலிருந்து வந்த சொற்களை ஒளிக்கவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. இது அரபு, இது போர்த்துக்கீசு என்று ஊரைக் குறித்துவிட்டு வரிசையில் உட்காரவைத்தது. தமிழுக்காகச் சொத்தைச் செலவழித்தவர்களின் வட்டத்திலிருந்து வந்த புலவர் கைவைத்த அகராதி அது. அவர்களைவிடவா நமக்குத் தமிழ்மேல் அக்கறை?

மற்றொரு வாதம் இதற்கு நேர் எதிர். எப்படியும் மக்கள் ஆங்கிலச் சொல்லைத்தான் பேசப்போகிறார்கள், பிறகு கலைச்சொல் ஆக்குவது வீண் வேலை என்பது. இது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் பேசுவதற்கும் புரிந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடுகிறது. ஓடிபி என்ற மூன்றெழுத்தை எல்லாரும் சொல்கிறார்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது என்பதை அறிந்த எவனோ ஒருவன் தொலைபேசியில் அழைத்து ஓடிபியைக் கேட்டால், அது வெறும் எண்தானே என்று சொல்லிவிடுகிறார்கள். கடவு என்றால் வழி. ஊர் தாண்ட கடவுச்சீட்டு, கதவு தாண்ட கடவுச்சொல். ஓடிபி ஒரே ஒரு முறைக்கான கடவுச்சொல் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தால், அதைக் கேட்பவன் வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறான் என்பது தானாக விளங்கும். கிளவுட் என்பதும் இதே கதை. படம் மேகத்தில் இருக்கிறது என்று நம்புகிறவருக்கு அது எங்கோ ஒரு கட்டடத்தில், எவருடைய கணினியிலோ இருக்கிறது, அங்கே போகக் கடலடிக் கம்பி வழியே பயணம் செய்கிறது என்று சொல்ல வேண்டும். 2006-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புப் பக்கத்துக் கல்கிசைக்குப் போட்ட ஒளியிழைக் கம்பி, 1850-களின் தந்திக் கம்பி செய்த அதே வேலையைத்தான் செய்ய வந்தது. ஆக, பேச்சுக்கு ஆங்கிலச் சொல் கைப்பிடி. தமிழ்ச் சொல் அதற்குள் இருக்கும் பொருளைத் திறந்து காட்டும் சாவி. இரண்டும் இருந்தால் என்ன கெட்டுவிடும்?

ஒரே பொருளுக்குப் பல சொல் இருந்தால் குழப்பம் வரும் என்ற கவலையையும் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. போட்மெயில் ஓடிய காலம் முதல் இந்தக் கரையில் ரயில் என்றதை அக்கரைத் தமிழர் புகையிரதம் என்றார்கள். யாரும் தவறான வண்டியில் ஏறியதில்லை. அக்கரையில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் 1860-களிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அவர் ஆக்கிய சொற்கள் எல்லாம் நிலைக்கவில்லை. மாணவர்கள் மருத்துவர் ஆனார்கள். சொற்பட்டியலின் வெற்றியை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: எத்தனை சொல் பிழைத்தது என்று பார்ப்பதைவிட, அதைக் கொண்டு எத்தனை பேர் தொழில் கற்றார்கள் என்று பார்ப்பது நியாயம்.

பாம்பனில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி மீனவருக்கு வானிலையையும் அலையின் உயரத்தையும் அவர்கள் பேச்சிலேயே சொல்கிறது. அப்படிப்பட்ட பேச்சை அறிந்தவர்கள் சொற்பட்டியலுக்கும் வேண்டும். அரசும் பல்கலைக்கழகங்களும் வெளியிடும் கணினிச் சொற்பட்டியல்கள் தடிமனாகத்தான் இருக்கின்றன. அடுத்த பட்டியலுக்குக் குழு அமைப்பவர்கள், பேராசிரியர்களுக்கு நடுவே இ-சேவை மையத்தில் உட்காரும் ஒரு பெண்ணுக்கும், ஜிபிஎஸ் பார்த்துப் படகு ஓட்டும் ஒரு டிரைவருக்கும் நாற்காலி போடட்டும்.